சுரங்கத் தொழிலாளர்களுக்கு எக்ஸ்ரே: படம் உண்டு, பலன் உண்டா?

புது தில்லி: நாட்டின் நிலக்கரி உற்பத்தி 2024-25-ம் நிதியாண்டில் 100 கோடி டன்னைத் தாண்டியது. மத்திய அரசு இதைப் பெரும் சாதனையாக அறிவித்தது. ஆனால், அந்த நிலக்கரியை வெட்டியெடுத்தவர்களில் எத்தனை பேரின் நுரையீரலில் தூசி படிந்துள்ளது என்ற கேள்விக்கு நம்பத் தகுந்த விடை கிடைப்பதில்லை. இத்தனைக்கும், அந்த விடையைத் தரக்கூடிய மார்பு எக்ஸ்ரே பரிசோதனை பல ஆண்டுகளாகவே விதிப்படி கட்டாயமாக இருந்து வருகிறது.

நிலக்கரித் தூசியை ஆண்டுக் கணக்கில் சுவாசிப்பதால் வரும் நோய்க்கு நிமோகோனியோசிஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நுரையீரலின் ஆழத்தில் தங்கி, சுற்றியுள்ள திசுக்களைத் தழும்பாக இறுகச் செய்கிறது. பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்கா தூசியும் சேர்ந்தால் பாதிப்பு கடுமையாகும். பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்த பிறகே நோய் தலைகாட்டுகிறது. தொடக்கத்தில் தொழிலாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் போகலாம்.

இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து எதுவும் இல்லை. மூச்சுத் திணறல் வருமுன் நோயைக் கண்டுபிடித்து, தொழிலாளியைத் தூசியிலிருந்து விலக்குவதுதான் செய்யக் கூடியது. எக்ஸ்ரே பரிசோதனையின் நோக்கமும் அதுவே.

சட்டம் சொன்னது என்ன?

1955-ம் ஆண்டின் சுரங்க விதிகளில் 29-பி விதி இதற்கென உள்ளது. பணியில் சேரும்போது ஒருமுறையும், அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்கிறது அந்த விதி. ஜார்க்கண்டின் தன்பாத், மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச், தெலங்கானாவின் சிங்கரேணி மட்டுமன்றி நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இது பொருந்தும்.

1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் 1983-ல் சேர்க்கப்பட்ட 9-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்றது. சுரங்க வேலையால் உடல் தகுதி இழந்தவருக்கு உரிமையாளர் செலவில் சிகிச்சையும், அந்தக் காலத்துக்கு முழு ஊதியமும் தர வேண்டும். அதன் பிறகும் தகுதி பெறாவிட்டால் மாற்றுப் பணியோ, இயலாமைக்கான படியோ வழங்க வேண்டும். நோய் உறுதியானால் தன்பாதில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கும் தகவல் தர வேண்டும்.

ஆக, உரிமைகள் அனைத்தும் எக்ஸ்ரே படத்தில் தெரியும் நிழல்களைச் சார்ந்தே உள்ளன.

படிப்பதில் சிக்கல்

இந்தப் படங்களைப் படிப்பதற்கென சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1950 முதல் ஒரு வகைப்பாட்டு முறையை வகுத்துத் தந்துள்ளது. தொழிலாளியின் படத்தை மாதிரிப் படங்களின் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். சிறு நிழல்களின் அடர்த்தியை 12 நிலைகளில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். 10 மில்லி மீட்டருக்கு மேற்பட்ட நிழல்கள் முற்றிய நோயைக் காட்டுபவை. அவற்றுக்குத் தனி வகை உண்டு.

தொழிலாளி மூச்சை முழுமையாக இழுத்து நிறுத்தாவிட்டாலும், படம் மங்கலாக இருந்தாலும் தொடக்க நிலை நோய் கண்ணுக்குத் தப்பிவிடும். காசநோயின் நிழல்களுடன் குழப்பிக் கொள்ளவும் வாய்ப்பு அதிகம். காசநோய் என்று முடிவானால் அது தொழில் சார்ந்த நோயாகக் கருதப்படாது; இழப்பீட்டுக் கோரிக்கையும் அத்துடன் முடங்கும். சிலிக்கா தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் தாக்கும் என்பதால், ஒருவருக்கு இரண்டும் இருக்கக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது. மூச்சுக் குழாய்ச் சுருக்கம் போன்ற பாதிப்புகள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாததால் நுரையீரல் செயல்திறன் சோதனையும் அவசியமாகிறது.

யார் பொறுப்பு?

பரிசோதனையை நடத்துவது சுரங்க நிர்வாகம். படத்தைப் படிப்பவர் பெரும்பாலும் நிர்வாகத்தின் மருத்துவர். நோய் உறுதியானால் செலவை ஏற்க வேண்டியதும் அதே நிர்வாகம்தான். அமெரிக்காவில் 1969-ம் ஆண்டுச் சட்டத்தின்படி எக்ஸ்ரே திட்டத்தை நடத்துவது அரசின் தனி ஆய்வு நிறுவனம். அங்கு முடிவு தொழிலாளிக்கே ரகசியமாகத் தெரிவிக்கப்படுகிறது. படம் படிக்கும் மருத்துவர்கள் இதற்கெனத் தனித் தேர்வு எழுதித் தகுதி பெற வேண்டும்.

இங்கே கோல் இந்தியா நிறுவனத்தில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நிரந்தரப் பணியாளர்கள் உள்ளனர். அவர்களுக்கு நிறுவன மருத்துவமனைகளும், பழைய படங்களின் கோப்புகளும் உண்டு. திறந்தவெளிச் சுரங்கங்களில் மேல்மண் அகற்றும் பணியில் பெருமளவு ஈடுபட்டுள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை வேறு. சட்டம் அவர்களையும் உள்ளடக்கியதே. ஆனால் ஒப்பந்ததாரர் மாறும்போது தொழிலாளியும் இடம் மாறுகிறார். ஐந்தாண்டுக்கு முந்தைய படத்துடன் இன்றைய படத்தை ஒப்பிட வழியில்லாமல் போகிறது. தூசியிலிருந்து விலகிய பிறகும் நோய் முற்றக்கூடும் என்பதால், ஓய்வு பெற்றவர்களின் நிலையும் இத்தகையதே.

1975 டிசம்பர் 27-ல் தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாடே அதிர்ந்தது, விசாரணை நடந்தது. தூசியால் வரும் மரணமோ ஓய்வுக்குப் பிறகு, சொந்த ஊரில், ஒவ்வொருவராக நேர்கிறது. சுரங்க விபத்துப் பட்டியலில் அது இடம்பெறுவதில்லை.

புதிய சட்டத் தொகுப்பு

தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பை நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றியது. 1952-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான இது 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை கிடைக்கும் என்று மத்திய அரசு அப்போது அறிவித்தது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது ஆண்டுக்கு ஒருமுறை ஆவது வரவேற்கத்தக்கதே. ஆனால் படத்தைப் பயிற்சி பெற்ற, நிர்வாகத்தைச் சாராத மருத்துவர் படிக்க வேண்டும். அதன் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் மாறினாலும், ஓய்வு பெற்றாலும் பரிசோதனை தொடர வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை பேருக்குப் படம் எடுக்கப்பட்டது, எத்தனை பேருக்கு நோய் உறுதியானது, எத்தனை பேர் மாற்றுப் பணி பெற்றனர் என்ற விவரங்களை நிறுவனவாரியாக அவையில் கேட்டுப் பெறும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. உற்பத்திக் கணக்குடன் இந்தக் கணக்கும் அவைக்கு வந்தால்தான் ஆண்டுப் பரிசோதனை என்ற அறிவிப்பு பொருள் பெறும்.