ஓர் இடம் காலியானால் எத்தனை பேர் நகர்வார்கள்?

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சீட் வந்துடுச்சு. ஆனா அப்வர்ட் கொடுத்திருக்கோம்." கையில் ஓர் இடம் இருக்கிறது; மனம் அதற்கும் மேலே எழுதிய கல்லூரியில் இருக்கிறது. மேலே யாராவது விலகினால் இவர் நகர்வார். விலகாவிட்டால் கிடைத்ததே நிலைக்கும். தெரியும்வரை வீடே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை அரசு அலுவலகத் தாமதம் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் இந்தக் காத்திருப்புக்குள் அழகான ஒரு கணிதம் வேலை செய்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் அதற்காகவே நோபல் பரிசு பெற்றார்.

1962: ஏழு பக்கக் கட்டுரை

ஒரு கல்லூரியில் 500 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 500 பேரை மட்டும் அழைத்தால், பலர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் பாதி காலியாகக் கிடக்கும். பாதிப் பேர்தான் வருவார்கள் என்று கணித்து 1,000 பேரை அழைத்தால்? ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுப்பதால், வருகிறவர்களின் எண்ணிக்கை சரியாக 500ஆக இருப்பது அபூர்வம். நிகழ்தகவுக் கணக்குப்படி 16 பேர் கூடவோ குறையவோ வருவது மிகச் சாதாரணம். மூன்று முறைக்கு ஒரு முறை வித்தியாசம் அதையும் தாண்டிவிடும். கூடினால் உட்கார இடமில்லை; குறைந்தால் தகுதியான ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் வீண்.

அமெரிக்கக் கணித அறிஞர்கள் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலிலிருந்துதான் தொடங்குகிறது. மொத்தம் ஏழே பக்கம். அவர்கள் சொன்ன வழியில் மாணவர் எல்லோரும் முதலில் தங்கள் முதல் விருப்பத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். கல்லூரி யாரையும் உடனே சேர்த்துக்கொள்வதில்லை. இடங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப முன்னிலையில் உள்ளவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்துக்கொண்டு, மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. அனுப்பப்பட்டவர்கள் தங்கள் இரண்டாவது விருப்பத்துக்குப் போகிறார்கள். அங்கே புதிதாக வந்தவரையும் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரையும் சேர்த்து வைத்து மறுபடி தேர்வு நடக்கிறது. யாரும் நகர வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும் பட்டியல்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் உறுதியாகின்றன.

இந்த முறையின் உயிரே முடிவைத் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது. முந்தி வந்தவருக்கு உடனே இடத்தைக் கொடுத்திருந்தால், அடுத்த சுற்றில் வரும் தகுதி கூடியவருக்குக் கதவு சாத்தியிருக்கும். தள்ளிப்போட்டதால், "என்னைவிடப் பின்னால் இருப்பவர் நான் விரும்பிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்" என்று சொல்ல ஒருவருக்கும் நியாயமான காரணம் மிஞ்சாது. இதை அவர்கள் நிறுவிக் காட்டினார்கள். 2012இல் ஷாப்லிக்கும், இந்தக் கணிதத்தை மருத்துவமனை, பள்ளிச் சேர்க்கைகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008இலேயே காலமாகியிருந்தார்.

கிண்டி அரங்கிலிருந்து கைப்பேசித் திரைக்கு

தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997இல் தொடங்கியது. 2017 வரை மாணவர்கள் பெற்றோருடன் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தபடி தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். 2018 முதல் எல்லாம் இணையவழி. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது.

இங்கே கணக்கு இன்னும் எளிது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு, எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான ஒரே தரவரிசை தயாராகிறது. கட்-ஆஃப் சமமானால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். மதிப்பெண்களால் பிரிக்க முடியாதபோது வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் சமமென்றால், முன்பே ஒதுக்கப்பட்ட பத்து இலக்க ரேண்டம் எண் தீர்மானிக்கும். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் விருப்பப் பட்டியலையும் மேலிருந்து படித்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கணினி கொடுக்கிறது.

அப்படியானால் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது? பொறியியல் கலந்தாய்வுக்கு வெளியே வேறு கதவுகள் இருக்கின்றன. ஐஐடி, என்ஐடிக்கு ஜோசா என்ற கூட்டுக் கலந்தாய்வு. எம்பிபிஎஸ் படிப்புக்கு நீட் வழியான தனிக் கலந்தாய்வு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குத் தனிச் சேர்க்கை. ஒரே மாணவர் பெயரில் இரண்டு, மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர் எதை விடுவார் என்பது அவருக்கே கடைசியில்தான் தெரியும்.

சங்கிலி

ஓர் எடுத்துக்காட்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒதுக்கப்பட்ட ஒருவர் திருச்சி என்ஐடிக்குப் போய்விடுகிறார். இங்கே பணம் கட்டவில்லை. அந்த இடம், குரோம்பேட்டை எம்ஐடியில் இடம் வாங்கி அப்வர்ட் கொடுத்திருந்த மாணவிக்குப் போகிறது. அவர் விட்ட இடத்துக்கு, அம்பத்தூர்–செங்குன்றம் சாலையில் உள்ள கல்லூரியில் இருந்தவர் நகர்கிறார். அவருடைய இடம், பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் நசரத்பேட்டையில் இடம் கிடைத்திருந்த ஆவடி மாணவருக்கு. நசரத்பேட்டை இடம், இந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காமல் இருந்தவருக்கு. விலகியவர் ஒருவர், மேலே ஏறியவர்கள் நான்கு பேர். இவர்களில் யாருக்கும் யாரையும் தெரியாது.

சமூகவியலாளர் ஹாரிசன் வொய்ட் 1970இல் எழுதிய நூலில் இதைக் 'காலியிடச் சங்கிலி' என்று விளக்கினார். அமெரிக்கத் தேவாலயங்களில் ஒரு பாதிரியார் ஓய்வுபெற்றால் எத்தனை பேர் இடம் மாறுகிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். பின்னர் ஐவன் சேஸ் என்ற ஆய்வாளர் அதே சங்கிலியைக் கடற்கரையில் கண்டார். துறவி நண்டுக்குச் சொந்த ஓடு போதாது. காலிச் சங்குக்குள்தான் குடியிருக்கும். வளர வளரப் பெரிய சங்கு வேண்டும். பெரிய சங்கு ஒன்று கரையொதுங்கினால் ஒரு நண்டு அதில் ஏறிக்கொள்கிறது; அது விட்ட சங்கில் அடுத்தது; அது விட்டதில் இன்னொன்று. சில இனங்களில் நண்டுகள் அளவுவாரியாக வரிசை கட்டி நின்று அடுத்தடுத்து மாறிக்கொள்வதைக்கூட ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சங்கிலியின் நீளத்தையும் கணக்கிடலாம். காலியிடத்தை நிரப்புகிறவர் ஏற்கெனவே ஓர் இடம் வைத்திருப்பவராக இருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று என்றால், ஒரு விலகல் சராசரியாக நான்கு பேரை நகர்த்தும். பத்தில் ஒன்பது என்றால் பத்துப் பேரை. அப்வர்ட் கொடுத்துக் காத்திருப்பவர்கள் கூடக் கூட, ஒவ்வொரு விலகலின் பலனும் நீள்கிறது.

இட ஒதுக்கீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவு 31 விழுக்காடு போக, மீதி 69 விழுக்காடு பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகிய பிரிவுகளுக்கு. பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் காலியாகும் இடம், அதை விரும்பி எழுதிய அதே பிரிவினரில் அடுத்த ரேங்கில் இருப்பவருக்கே போகும். அதனால் சங்கிலிகள் பல தடங்களில் ஓடுகின்றன. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்வர்ட் கிடைத்து நமக்குக் கிடைக்கவில்லை என்றால், காரணம் இதுவாக இருக்கலாம். யாரும் குறுக்கே புகுந்துவிடவில்லை.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டில் ஈடுபடுத்தினார்கள். திரையில் உள்ள பாறைக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் லேசாக வலிக்கும் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. கெட்ட செய்தியைவிடத் தெரியாத செய்தியே உடம்பை அதிகம் வாட்டுகிறது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, எரிந்து விழுகிறது என்றால் அது பலவீனம் அல்ல. மனித மூளை இப்படித்தான் இயங்கும்.

செய்யக்கூடியவை

கணிதம் இங்கே உறுதியான இரண்டு ஆறுதல்களைத் தருகிறது. ஒன்று, நமக்கு மேலே ஒருவர் விலகினால் வரிசையில் ஒருவரும் கீழே போக மாட்டார்கள். ஏற்றுக்கொண்டு அப்வர்ட் கொடுத்து, உரிய நாளுக்குள் பணமும் கட்டியவருக்கு நகர்வு வராவிட்டால் கையில் இருப்பது அப்படியே இருக்கும். நகர்வு வந்தால் பழைய இடம் அந்த நிமிடமே அடுத்தவருக்குப் போய்விடும், திரும்ப முடியாது. ஆகவே உண்மையிலேயே போக விரும்பாத கல்லூரியைப் பட்டியலில் மேலே எழுதக் கூடாது.

இரண்டு, இத்தகைய முறையில் மாணவர் தம் விருப்பத்தை மறைத்து எழுதி லாபம் பார்க்க முடியாது. லெஸ்டர் டூபின்ஸ், டேவிட் ஃப்ரீட்மன் இருவரும் 1981இலேயே இதை நிறுவினார்கள். "கிடைக்காததை முதலில் எழுதினால் கிடைப்பதும் போய்விடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வது தவறு. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால், இரண்டாவதில் உங்கள் ரேங்குக்கு உரிய முன்னுரிமை துளியும் குறையாது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம். பட்டாபிராமில் இருக்கும் பெண்ணுக்கு ஆவடி–பூந்தமல்லி சாலைக் கல்லூரிதான் வசதி என்றால், அதைத் தயங்காமல் முதலில் எழுதட்டும்.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஐஐடிகளும் என்ஐடிகளும் 2015இல் ஜோசாவாக ஒரே கலந்தாய்வுக்குள் வந்தன. ஒருவர் பெயரில் இரண்டு இடம் முடங்குவது நின்றது. காலியிடங்கள் வெகுவாகக் குறைந்தன. மருத்துவமும் பொறியியலும் இன்னும் தனித்தனிக் கலந்தாய்வுகள். பொறியியல் சுற்றுகள் முடிந்த பிறகு எம்பிபிஎஸ் கிடைத்து ஒருவர் விலகினால், அந்த இடத்துக்குப் பின்னால் சங்கிலி கிடையாது. நல்ல கல்லூரியில் ஓர் இருக்கை காலியாகவே கிடக்கும். இரண்டு கலந்தாய்வுகளின் கால அட்டவணையையும் அரசு இணைத்தே வகுக்க வேண்டும்.

அதுவரை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வேறு இடத்தில் சேர்வது என்று முடிவாகிவிட்டால், இங்கே ஒதுக்கப்பட்ட இடத்தைக் கடைசி நாள் வரை பிடித்து வைத்திருக்காதீர்கள். சுற்று முடிவதற்குள் விட்டுக்கொடுத்தால், நீங்கள் அறியாத நான்கைந்து வீடுகளின் பிள்ளைகள் தாங்கள் விரும்பிய படிப்பில் சேர்வார்கள்.