மணலும் எழுத்தும்

விளையாட்டின்வழிக் கற்பித்தல் மேனாட்டார் கண்ட புதுமுறை என்பர் ஒரு சாரார்; நம் முன்னோர் அன்றே அறிந்தது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1856-இல் தோன்றிய அரசினர் ஆசிரியர் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்து நிற்கும் ஊர் சைதாப்பேட்டை. அவ்வூரை ஒட்டியோடும் அடையாறு கடலொடு கலக்குமிடத்தருகே, பிரம்மஞான சபை வளாகத்தில், 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அவர்தம் முறையில் எழுத்து முதற்கண் விரலுக்கே அறிமுகமாகின்றது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தின்மேல் குழந்தை விரலோட்டி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகும்.

விரலால் எழுத்தறிதல் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதி, எழுத்தை உரக்க ஒலித்துப் பயின்றனர். சென்னையில் அம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தில் அதனைப் புகுத்தினார்; தம் பட்டறிவை 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் திண்ணைப் பள்ளியின் மணலெழுத்தை விளையாட்டு எனல் பொருந்தாது. ஆசிரியர் இட்ட எழுத்தை, அவர் குறித்த வேளையில், பிரம்புக்கு அஞ்சியே சிறுவர் எழுதினர்.

விளையாட்டு வேறொரு மணலில் நிகழ்ந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற்பருவத்தில், தாம் இழைத்த மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் வேண்டுவர். பிள்ளைத்தமிழ் புகழ்ப்பனுவலேயன்றிக் கல்விநூல் அன்று. ஆதலின் இதனைக் கற்பித்தல் முறைக்குச் சான்றாகக் காட்டுதல் மிகையாம். எனினும் குழந்தை விளையாட்டின் இயல்பை இஃது உணர்த்தும். சிற்றில் இழைக்க ஏவுவார் இலர். ஈரம் குறைந்தால் சுவர் உதிரும், மிகுந்தால் சரியும். இவ்வளவை அறிவிக்கும் ஆசான் மணலே. சிதைந்ததை மீண்டும் இழைத்தற்கும் பிறர் தூண்டுதல் வேண்டுவதில்லை.

எனவே திண்ணை மணலில் எழுத்து இருந்தது, விருப்பம் இல்லை. சிற்றில் மணலில் விருப்பம் இருந்தது, எழுத்து இல்லை. இவ்விரண்டையும் ஒன்றுபடுத்தியமையே அம்மையார்தம் முறையின் சிறப்பு. குழந்தை தானே எழுத்தட்டையைத் தேர்ந்தெடுக்கும். வேண்டுமளவும் திரும்பத் திரும்பப் பயிலும். இதனை விளையாட்டு என்னாது பணி என்றே அவர் வழங்கினார் என்பதும் கருதத்தக்கது.

ஆகவே பொம்மையும் பாட்டும் வண்ண அட்டையும் மட்டுமே விளையாட்டுக் கல்வி ஆகா. தேர்வும், மீட்டும் செய்யும் உரிமையும் குழந்தைக்கு உண்டா என்பதே அதனை அறியும் அளவுகோல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அட்டையை முடிக்குமாறு ஆசிரியர் விரைவுபடுத்தின், அதுவும் திண்ணை மணலேயாகும். மூன்றாம் அகவையிலேயே எழுதுகோலைக் கையில் திணித்துப் பக்கம் நிரப்பச் செய்யும் இக்காலப் பெற்றோர் விழைவோ குழந்தைக்குத் திண்ணையின் அச்சத்தை மட்டும் தந்து, அதன் மணலையும் பறித்துவிடுகின்றது. தமிழெழுத்தை வெறுத்து வளரும் குழந்தை பின்னர்த் தமிழிலக்கியத்தை நாடுமாறு எங்ஙனம்? இவ்வினா தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியதேயாம்.