யூபிளாக் ஒரிஜின்

யூபிளாக் ஒரிஜின் என்பது இணைய உலாவிகளில் விளம்பரங்களையும், பயனரைப் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் ஒரு கட்டற்ற நீட்சி ஆகும். இது கனடாவைச் சேர்ந்த ரேமண்ட் ஹில் என்ற நிரலரால் உருவாக்கப்பட்டது. குனூ பொதுமக்கள் உரிமத்தின் 3 ஆம் பதிப்பின் கீழ் வெளியிடப்படுவதால், இதன் மூல நிரலை எவரும் படிக்கவும் மாற்றியமைக்கவும் இயலும்.

பின்னணி

ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது உலாவி அப்பக்கத்தின் வழங்கியுடன் மட்டும் தொடர்பு கொள்வதில்லை. பக்கத்தில் பொதிந்துள்ள விளம்பரங்கள், வருகைக் கணக்கெடுப்பு நிரல்கள், சமூக வலைத்தளப் பொத்தான்கள் ஆகியவற்றுக்காக வேறு பல வழங்கிகளையும் அணுகுகின்றது. அவ்வாறு அணுகப்படும் ஒவ்வொரு வழங்கிக்கும் பயனரின் ஐ.பி. முகவரியும், பெரும்பாலும் அவர் எத்தளத்தைப் பார்க்கின்றார் என்ற விபரமும் சென்று சேர்கின்றன. ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஒரு செய்தித் தளத்திலும், ஒரு மருத்துவத் தளத்திலும், ஒரு வணிகத் தளத்திலும் இருக்குமாயின், மூன்றுக்கும் வந்தவர் ஒருவரே என்பதைக் குக்கி எனப்படும் சிறு தரவின் துணையுடன் அந்நிறுவனம் அறிய முடியும். உலாவி அக்குக்கியைத் தடுத்தால் அக்குக்கியின் வழியாக அறிவது தவிர்க்கப்படும்.

விளம்பரங்கள் தீநிரல்களைப் பரப்பவும் பயன்பட்டுள்ளன. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி உள்ளிட்ட தளங்களில் தோன்றிய விளம்பரங்கள் வழியாக இத்தகைய தாக்குதல் நடைபெற்றது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பு, தேடுபொறி விளம்பரங்கள் மூலம் நடைபெறும் மோசடிகளைக் குறித்து எச்சரித்து, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது.

வரலாறு

இந்நீட்சி 2014 ஜூனில் யூபிளாக் என்ற பெயரில் வெளியானது. 2015 ஏப்ரலில் ஹில் அத்திட்டத்தை மற்றொரு நிரலரிடம் ஒப்படைத்தார். பின்னர் தமது கிளையை யூபிளாக் ஒரிஜின் என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார். பழைய பெயரிலிருந்த நீட்சி 2018 இல் ஆட்பிளாக் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2019 முதல் ஏற்கத்தக்கவை என வகைப்படுத்தப்பட்ட விளம்பரங்களை அது அனுமதிக்கத் தொடங்கியது. ஆகவே பெயர் ஒத்திருப்பினும் இவை இரண்டும் வெவ்வேறானவை. ஹில் நன்கொடை பெறுவதில்லை. வடிகட்டிப் பட்டியல்களைப் பராமரிப்பவர்களுக்கு உதவுமாறு கேட்டுக்கொள்கின்றார்.

செயற்படும் முறை

நீட்சி தானாக விளம்பரத்தை இனங்காண்பதில்லை. தன்னார்வலர்கள் தொகுக்கும் ஈசிலிஸ்ட், ஈசிபிரைவசி போன்ற வடிகட்டிப் பட்டியல்களைக் கொண்டே முடிவெடுக்கின்றது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு விதியாகும்.

"||" என்று தொடங்கும் விதி, குறிப்பிட்ட ஆள்களப் பெயருக்குச் செல்லும் வேண்டுகோளைத் தடுக்கின்றது. வேண்டுகோள் கணினியை விட்டு வெளியேறாததால் தரவுச் செலவு குறைகின்றது; பின்தொடர்வதும் தடைப்படுகின்றது.
"##" என்ற குறியைக் கொண்ட விதி, பக்கத்தில் ஏற்கெனவே வந்துவிட்ட ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கின்றது. இது தோற்றத்தை மட்டுமே மாற்றும், தனியுரிமையைக் காக்காது.
"@@" என்று தொடங்கும் விதி, தடைக்கு விலக்களிக்கின்றது.

சில தளங்கள் பின்தொடரும் நிறுவனத்தின் வழங்கியைத் தமது சொந்தத் துணை ஆள்களப் பெயருக்குள் மறைத்து வைப்பதுண்டு. பயர்பாக்ஸ் உலாவி, நீட்சிகள் டி.என்.எஸ். தகவலைப் பெற இடமளிப்பதால், அதில் இம்மறைப்பையும் கண்டறிய முடிகின்றது.

குரோம் உலாவியில் ஏற்பட்ட மாற்றம்

முன்னர் ஒவ்வொரு வேண்டுகோளையும் நீட்சியே ஆராய்ந்து தடுக்கக் குரோம் அனுமதித்தது. மேனிஃபெஸ்ட் வி3 எனப்படும் புதிய நீட்சி விதிமுறையில், விதிகளை உலாவியிடம் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். தடுக்கும் பணியை உலாவியே செய்யும். நீட்சிகள் அனைத்து வேண்டுகோள்களையும் காண்பது பாதுகாப்புக் குறைவு என்பது கூகுள் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. உலகின் பெரிய விளம்பர நிறுவனமே உலாவியின் விதிகளை வகுக்கின்றது என்பது விமர்சகர்களின் வாதம். பழைய முறை 2024 முதல் படிப்படியாக முடக்கப்பட்டு, 2025 இல் குரோமின் 139 ஆம் பதிப்புடன் முற்றாக நீக்கப்பட்டது. இதற்கு மாற்றாக 2022 இல் ஹில் வெளியிட்ட யூபிளாக் ஒரிஜின் லைட், குறைந்த வசதிகளுடன் புதிய முறையில் இயங்குகின்றது. பழைய தடுக்கும் முறைக்கான ஆதரவைப் பயர்பாக்ஸில் தொடரப்போவதாக மோசில்லா 2022 இல் அறிவித்தது.

வரம்புகள்

பயனர் புகுபதிகை செய்துள்ள தளம், அத்தளத்தில் அவர் செய்வதை அறிவதை இந்நீட்சி தடுக்காது. இணையச் சேவை வழங்குநரிடமிருந்து ஐ.பி. முகவரியையும் மறைக்காது. விளம்பர வருவாயை நம்பியிருக்கும் சிறு தளங்களுக்கு இது இழப்பை ஏற்படுத்துகின்றது என்ற குற்றச்சாட்டும் உண்டு. பயனர் விரும்பும் தளங்களில் மட்டும் தடுப்பை நிறுத்திவைக்க இதில் வசதி உள்ளது.

விளம்பரத் தடுப்பி ஒன்று, பயனர் காணும் பக்கங்கள் அனைத்தையும் அணுகும் உரிமையைப் பெறக்கூடும். எனவே நம்பகமற்ற தடுப்பி, அது தடுப்பதாகக் கூறும் பின்தொடரும் நிரல்களை விடத் தீங்கானது. 2018 ஏப்ரலில் குரோம் அங்காடியில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட ஐந்து போலித் தடுப்பிகளை ஆட்கார்டு நிறுவனம் கண்டறிந்தது. பின்னர் அவை நீக்கப்பட்டன. நிறுவுவதற்கு முன் நீட்சியின் முழுப்பெயரையும் உருவாக்கியவரின் பெயரையும் சரிபார்ப்பது இதனால் இன்றியமையாததாகின்றது.