பச்சிளம் குழந்தைக்குத் தேவையில்லாதவை

பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் படவேண்டியது தாய்ப்பால். பல வீடுகளில் சேனைதான் முந்திக்கொள்கிறது. நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கும் வரும் என்பது நம்பிக்கை. ஆசை நல்லதுதான், கொடுக்கும் பொருள்தான் ஆபத்தானது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அதனால் தசைகள் தளர்ந்து, பால் உறிஞ்சவும் வலுவில்லாமல் போய், மூச்சே திணறிவிடலாம். அரிதாக நேர்வதென்றாலும், ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. குரல் வளத்துக்காகத் தெருவில் வாங்கிக் காய்ச்சாமல் புகட்டும் கழுதைப் பாலும் வேண்டாம். அதில் கிருமிகள் இருக்கலாம்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது இதைவிடப் பெரிய இழப்பு. பிரசவமான முதல் சில நாட்களில் மஞ்சளாக, கெட்டியாகச் சுரக்கும் இந்தப் பாலைக் கெட்டுப்போன பால் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோயை எதிர்க்கும் புரதங்கள் அதில்தான் செறிந்திருக்கின்றன. முதல் நாளில் சில தேக்கரண்டி அளவே சுரக்கும், அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும். பிறந்த 1 மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டுவிட வேண்டும்.

அழும்போதெல்லாம் பால் பற்றவில்லை என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. ஈரத்துணி, புழுக்கம், தூக்கம் என்று அழுகைக்குக் காரணங்கள் பல. முதல் வாரத்துக்குப் பின் ஒரு நாளைக்கு 6 தடவைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். இந்த நேரத்தில் பதறிப்போய் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும். உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பும் குறையும். பால் இல்லை என்ற பயம் அப்படித்தான் உண்மையாகிவிடுகிறது. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீரே என்பதால், 6 மாதம் வரை கோடையில்கூடத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். உரைமருந்தும் வேண்டாம். கல்லிலும் கையிலும் இருக்கும் கிருமி அதோடு உள்ளே போகிறது. எவ்வளவு உரைத்தோம் என்பதற்கும் அளவில்லை. தாய் தலைக்குக் குளித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பதும் தவறு. சளியைக் கொண்டுவருவது வைரஸ்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். உடம்புக்கு மென்மையாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. சில குழந்தைகளுக்கு மார்பு வீங்கிப் பால்போலக் கசியும். பெண் குழந்தைக்குச் சில சொட்டு ரத்தமும் படலாம். கருவிலிருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களால் நேர்வது இது. தானே சரியாகும். மார்பைப் பிதுக்கினால் சீழ் கட்டும். தொப்புள்கொடியில் சாம்பலோ மஞ்சளோ பூசாமல் உலர விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். பிறந்த குழந்தைகளின் உயிரைப் பறித்த டெட்டனஸ் பெரும்பாலும் தொப்புள் வழியாகவே வந்தது. தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் 2015இல் இந்தியா அதை ஒழித்த நிலையை எட்டியது.

மஞ்சள் காமாலைக்கு இளவெயில் போதும் என்ற எண்ணத்துக்கு உண்மையான அடிப்படை ஒன்று உண்டு. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் சிஸ்டர் வார்ட் என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள், அப்படி வைத்த குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் முக்கோணமாக அடர்மஞ்சளாய் நிற்பதை மருத்துவர்கள் பார்த்தார்கள். அதிலிருந்துதான் நீலஒளிச் சிகிச்சை பிறந்தது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் காமாலை ஏறிய குழந்தைக்கு ஜன்னலோர வெயில் அந்த ஒளிக்கு ஈடாகாது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் லேசான மஞ்சள் தோன்றி, ஓரிரு வாரத்தில் மறையும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் காமாலையை உண்டாக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மூளையில் படிந்து காது கேட்கும் திறனையே பறித்துவிடலாம்.