இணைப்பை மறுக்கும் சேவையகம்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ளது தெலுக் பங்லிமா காராங். இவ்வூரில் தீர்வையற்ற தொழிற்பேட்டை ஒன்று உள்ளது. தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த இத்தகைய வட்டாரங்களிலிருந்து பொருள்கள் லோரிகளில் ஏற்றப்பட்டுக் கிள்ளான் துறைமுகத்திற்குச் செல்கின்றன. எந்தப் பெட்டியில் என்ன பொருள் உள்ளது, அது எத்தனை, எந்த லோரியில் ஏற்றப்பட்டது போன்ற விவரங்களை முன்பு எழுத்தர்கள் பேரேட்டில் எழுதி வைத்தனர். இன்று அப்பணியைத் தரவுத்தளம் செய்கிறது.

தரவுத்தளம் என்பது தகவல்களை ஒழுங்காகச் சேமித்து, வேண்டும்போது உடனே எடுத்துத் தரும் மென்பொருள் ஆகும். அம்மென்பொருள் இயங்கும் கணினி சேவையகம் எனப்படுகிறது. சிறு நிறுவனங்கள் சில, தங்கள் தேவைக்கேற்ப வடிவமைத்த தரவுத்தளத்தை அலுவலகக் கணினி ஒன்றில் நிறுவுகின்றன. மற்றக் கணினிகள் கட்டடத்துக்குள் இயங்கும் உள்வலையமைப்பின் வழியாக அதனை அணுகுகின்றன.

இத்தகைய கிடங்கு ஒன்றில் புதிய சேவையகம் நிறுவப்படுவதாகக் கொள்வோம். சேவையகக் கணினியின் முன் அமர்ந்து பார்த்தால் தரவுத்தளம் நன்றாக இயங்குகிறது. ஆனால், பொருள் ஏற்றும் இடத்தில் உள்ள கணினியிலிருந்து முயன்றால் இணைப்பு மறுக்கப்படுகிறது. பட்டியல் அச்சாகாததால் லோரி புறப்பட முடியவில்லை. கப்பலோ குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும். இந்நிலையில் பலரும் பதற்றமடைந்து கணினியை அணைத்து அணைத்துத் திறப்பார்கள். பல அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். இதனால் சிக்கல் மேலும் கூடுமே தவிரக் குறையாது.

இணைப்பு மறுக்கப்படுவது எப்போதும் பழுதின் அடையாளம் அன்று. பெரும்பாலான வேளைகளில் சேவையகம் தனக்கு இடப்பட்ட கட்டளையைத்தான் நிறைவேற்றுகிறது. ஆகவே, ‘எது கெட்டுவிட்டது?’ என்று கேட்பதைவிட, ‘எந்த வாயில் மூடியிருக்கிறது?’ என்று கேட்பதே பயன் தரும்.

முதலில் சோதிக்க வேண்டியது முகவரி. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. வீடுகளிலும் அலுவலகங்களிலும் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இத்தகைய முகவரிகள் உள்வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. சேவையகத்தின் முகவரி தானாக வழங்கப்பட்டிருந்தால், அது ஒரு நாள் மாறிவிடக்கூடும். அப்போது மற்றக் கணினிகள் பழைய முகவரியையே தேடிச் செல்லும். எனவே, சேவையகத்திற்கு நிலையான முகவரி கொடுப்பது வழக்கம். இரு கணினிகளுக்கும் இடையே பாதை உள்ளதா என்பதை அறிய ‘பிங்’ என்னும் சிறிய கருவி உதவும். 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இதனை உருவாக்கினார். ஒரு கணினி சிறு செய்தியை அனுப்ப, மற்றது அதற்கு மறுமொழி தருவதே இதன் செயல்முறை. மறுமொழி வந்தால் பாதை உண்டு என்பது உறுதி. வராவிட்டால் பாதை இல்லை என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. சில கணினிகள் பிங் செய்திக்கு மறுமொழி தராதவாறு அமைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவதாகச் சோதிக்க வேண்டியது, தரவுத்தளம் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதாகும். 127.0.0.1 என்னும் முகவரி ஒரு கணினி தன்னையே அழைத்துக்கொள்ளப் பயன்படுவது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் நிறுவப்பட்டவுடன் இம்முகவரி போன்ற உள் அழைப்புகளுக்கு மட்டுமே செவிசாய்க்கும். இது வீட்டுக்குள் இருப்பவரின் குரலுக்கு மட்டும் விடையளித்து, வாசலில் நிற்பவரின் குரலைக் கேளாதிருப்பதைப் போன்றது. அமைப்புக் கோப்பில் சேவையகத்தின் உள்வலையமைப்பு முகவரியையும் சேர்த்து, தரவுத்தளத்தை மீண்டும் தொடங்கினால் அது வெளிக்குரலையும் கேட்கும். முகவரியோடு வாயில் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். ஒரே கணினியில் பல மென்பொருள்கள் இயங்குவதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாயில் எண் உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் வழக்கமாக 5432 என்னும் எண்ணையும், மைஎஸ்கியூஎல் 3306 என்னும் எண்ணையும் பயன்படுத்துகின்றன.

மூன்றாவது, ஃபயர்வால் எனப்படும் தீயரண். இது கணினிக்குள் நுழைய முயலும் ஒவ்வோர் அழைப்பையும் சோதிக்கும் காவலாளி. அனுமதிப் பட்டியலில் இல்லாத அழைப்பை இது பெரும்பாலும் ஓசையின்றிக் கைவிட்டுவிடும். நான்காவது, பயனர் அனுமதி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தாலும், அப்பயனர் எந்த முகவரியிலிருந்து வரலாம் என்பதையும் தரவுத்தளம் தன் விதிகளில் குறித்து வைத்திருக்கும்.

இந்த நான்கில் எது காரணம் என்பதைக் கிடைக்கும் மறுமொழியே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று நொடிப்பொழுதில் செய்தி வந்தால், அழைப்பு ஒரு கணினியை அடைந்துவிட்டது. அந்த வாயிலில் கேட்பார் எவரும் இல்லை என்று கருதலாம். நெடுநேரம் காத்திருந்த பின் ‘நேரம் கடந்தது’ என்று வந்தால், தீயரண் தடுத்திருக்கலாம் அல்லது முகவரி தவறாக இருக்கலாம். ‘இப்பயனருக்கு அனுமதி இல்லை’ என்று வந்தால், அழைப்பு தரவுத்தளம் வரைக்கும் சென்றுவிட்டது என்று பொருள். ஆகவே, பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவது, நோயாளி சொல்வதைக் கேட்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அவசரத்தில் சிலர் தீயரணை முழுமையாக அணைத்துவிடுகின்றனர். எல்லாப் பயனர்களுக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுகின்றனர். இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலாகும். இணைப்பு உடனே கிடைக்கும். ஆனால், அதனுடன் ஆபத்தும் உள்ளே வரும். 2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் ‘ஸ்லாமர்’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளில் இருந்த குறையை அது பயன்படுத்திக்கொண்டது. இணையத்திலிருந்து எளிதில் அணுகக்கூடிய நிலையில் இருந்த சேவையகங்களில் பெரும்பாலானவை சுமார் 10 நிமிடங்களிலேயே பாதிக்கப்பட்டன. அக்குறையைச் சரிசெய்யும் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. பலர் அதனை நிறுவவில்லை.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் தரவை அழித்துவிட்டு, அதைத் திருப்பித் தருவதாகக் கூறிப் பணம் கேட்டனர். அதே ஆண்டில் வெளிவந்த புதிய பதிப்பில், மாங்கோடிபி தொடக்கத்தில் தன் கணினியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்குமாறு மாற்றப்பட்டது. சேவையகம் முதலில் ‘இல்லை’ என்று சொல்வதற்கான காரணம் இதிலிருந்து விளங்கும்.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் பிறருடைய தரவைக் கையாளுவோர் அதனைப் பாதுகாக்க வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. கிடங்கின் தரவுத்தளத்தில் இருப்பவை பெட்டிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட அதில் இருக்கலாம்.

ஆகவே, சிக்கலைத் தீர்ப்பவர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்ய வேண்டும். மாற்றியதைக் குறித்து வைத்து, மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும். பயன் தராத மாற்றத்தைப் பழைய நிலைக்கே கொண்டு செல்ல வேண்டும். காரணம் தெரிந்த பிறகு, தேவையான வாயிலை மட்டும், தேவையான கணினிகளுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். இவ்வாறு செய்தால் லோரியும் நேரத்திற்குப் புறப்படும். பிறர் நம்பி ஒப்படைத்த தகவலும் பாதுகாப்பாக இருக்கும்.