மணிக்கட்டு முதல் வாட்ஸ்அப் வரை

சமணர் மலையடியில் உள்ள கீழக்குயில்குடியில் ஒருவர் "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றால், அன்று மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும். 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இன்று வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள். டிஜிட்டல் பி.பி. மெஷின்கள் சிலவற்றில், துடிப்பு ஒழுங்கு தவறினால் ஒரு குறி மின்னும்.

அன்றைய ஈசிஜி மெஷினில் சூடான ஊசி ஒற்றைக் கோடுதான் போடும். குமிழைத் திருப்பத் திருப்ப, இதயத்தை வெவ்வேறு கோணத்தில் காட்டும் 12 லீடும் ஒவ்வொன்றாக வரும். தாளைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டி டாக்டரிடம் நீட்டுவார்கள். தாளம் தப்பினால், இரண்டாவது லீடை மட்டும் இன்னொரு முழம் ஓடவிடச் சொல்வார் அவர். இன்று 12 லீடும் 10 விநாடியில் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. முடிவையும் மெஷினே அச்சடிக்கிறது. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இதய மருத்துவர் பார்த்துவிடுகிறார். தூரத்திலிருந்து பார்ப்பதொன்றும் புதிதல்ல. 1905-இலேயே ஈசிஜியின் முன்னோடி ஐந்தோவன், நெதர்லாந்தின் லைடன் மருத்துவமனை நோயாளியின் துடிப்பை 1.5 கி.மீ. தள்ளியிருந்த தன் ஆய்வகத்தில் தொலைபேசிக் கம்பி வழியே பதிவுசெய்தார்.

தாளைப் படிக்கும் கணக்கு மட்டும் மாறவில்லை. ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. துடிப்பு சீராக இருந்தால், இரு சிகரங்களுக்கு நடுவிலுள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300-ஐ வகுத்தால் போதும், நிமிடத் துடிப்பு வந்துவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் மேலறை நடுக்கத்தில் அந்த வகுத்தல் செல்லாது. ஓர் இடைவெளிபோல் மற்றொன்று இராது; சிகரத்துக்கு முன் வரவேண்டிய பி அலையும் இராது. 30 பெரிய கட்டங்களில், அதாவது 6 விநாடியில், விழுந்த சிகரங்களை எண்ணி 10-ஆல் பெருக்க வேண்டும்.

அன்று ஈசிஜி எடுக்குமுன்பே இதை விரலால் பிடித்துவிடுவார்கள். ஒருவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்க, மற்றவர் மணிக்கட்டைப் பிடிக்க, ஒரே கடிகாரத்தைப் பார்த்து இருவரும் முழு நிமிடம் எண்ணுவார்கள். நெஞ்சில் 130, கையில் 100 என்றால், 30 துடிப்பு கைக்கு வந்து சேரவில்லை. இதயம் ரத்தம் நிறையுமுன்பே சுருங்கிவிட்டது என்று பொருள். ஈசிஜி மெஷின் நெஞ்சுக் கணக்கை மட்டுமே சொல்லும். நோயாளிகள் வரிசையில் நிற்கையில் அந்த முழு நிமிடத்தை யார் தருவார்கள்? இழப்புகளில் இதையே பெரிதாகச் சொல்வேன்.

நோயாளிகளும் மாறியிருக்கிறார்கள். அன்று ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய இளவயதினர் நிறைய, இன்று பி.பி.யோடு வரும் வயதானவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்த நடுக்கம் பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ 5 மடங்காக்கும். அன்று பலருக்குக் கைகால் விழுந்த பிறகே அது தெரியவந்தது. இன்று முன்கூட்டியே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தர முடிகிறது.

ஆனால் வந்து வந்து போகும் படபடப்பு 10 விநாடியில் அகப்படாது. தாளில் 'நார்மல்' என்றுதான் இருக்கும். அதற்கு 24 மணி நேரம் ஹோல்டர் என்னும் பதிவுக் கருவியை மாட்ட வேண்டும். சூட்டில் எழுதும் தாள் அன்றும் மங்கியது, இன்றும் மங்குகிறது. பழைய ஈசிஜியை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தால், நடுக்கம் புதிதா பழையதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.