சிறு கீறலும் பெரிய கணக்கும்

மோட்டார் வண்டி செல்வர்க்கே உரியது என்ற காலம் போய்விட்டது. பாலையூற்று போன்ற ஊர்களில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கடன்பட்டேனும் ஒன்றை வாங்குகின்றனர். திருகோணமலை நகர வீதிகளிலே மானும் மாடும் குறுக்கிடுவது புதிதன்று. ஒரு நொடித் தடுமாற்றத்தில் முன்விளக்கு உடைகிறது; தகடு நெளிகிறது. காப்புறுதிக் கம்பனியிடம் நட்டஈடு கோருவதா, கைப்பணத்தில் திருத்துவதா என்ற வினா எழுகிறது.

முதலிற் காப்புறுதியின் வகையை அறிதல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாந் தரப்புக் காப்புறுதியையே. நம் வண்டியாற் பிறர்க்கு நேரும் தீங்கிற்கே அஃது ஈடு தரும். நம் வண்டியின் கீறலுக்கு ஒரு சதமும் தராது. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும்.

விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்திக் கம்பனிக்கு உடனே தொலைபேசியில் அறிவித்தல் முறை. படம் எடுத்து வைத்தல் நன்று. மதிப்பீட்டாளர் பார்க்குமுன் திருத்த வேலையைத் தொடங்கலாகாது. எவரேனும் காயமுற்றிருப்பின் வைத்திய உதவியும் பொலிசுக்கு அறிவித்தலுமே முதற் கடமை. அங்கே பணக்கணக்குப் பார்த்தல் அறமன்று.

சேதம் நம் வண்டிக்கு மட்டுமெனின் கணக்குப் பார்க்கலாம். உதாரணமாக, திருத்தச் செலவு 20,000 ரூபா என்க. அதில் முதல் 5,000 ரூபாவை உரிமையாளரே ஏற்கவேண்டுமென்று ஒப்பந்தம் கூறினால், கிடைப்பது 15,000 ரூபா. நட்டஈடு கோராத ஆண்டுகளுக்காகக் கட்டுப்பணத்தில் தரப்படும் கழிவு இதனால் அற்றுப்போய், மறு ஆண்டு 18,000 ரூபா கூடுதலாகச் செலுத்த நேரின், பெற்றதினும் இழந்ததே பெரிது. ஆதலின் ஒப்பந்தப் பத்திரத்தை விபத்துக்கு முன்னரே படித்தல் அறிவுடைமை.

இன்னொன்றும் உண்டு. "பழைய கீறலையும் இதனோடு சேர்த்துவிடலாம்" என்று திருத்தகத்திலே ஆலோசனை சொல்வோர் உளர். கப்பல் வாணிகத்தோடு வளர்ந்த காப்புறுதி, நிறைந்த நன்னம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. 1766ஆம் ஆண்டிலேயே, சுமாத்திராத் தீவிலிருந்த கோட்டையொன்றைப் பற்றிய வழக்கில், இங்கிலாந்தின் நீதியரசர் மான்ஸ்பீல்டுப் பிரபு இதனை வலியுறுத்தினார். பொய்க்கோரிக்கையின் செலவை ஈற்றிற் சுமப்போர், கட்டுப்பணம் செலுத்தும் நம்மைப் போன்ற குடும்பத்தவரே. கோரிக்கை முழுவதையும் நிராகரிக்கவும் அது காரணமாகலாம்.

உரியதைத் தயங்காது கேட்போம், உரிமையில்லாததைக் கேளாதிருப்போம். படிவத்திலே தந்தை எழுதுவதை அருகிலிருந்து பார்க்கும் பிள்ளை, அங்கேயும் ஒரு பாடம் படிக்கின்றது.